அடைக்கத் தெரிந்தவன்

மடை திறக்கிற நாளில் ஊரே கண்மாய்க் கரையில் நிற்கும். தேங்காய் உடைப்பார்கள், சூடம் கொளுத்துவார்கள், சின்னப் பிள்ளைகள் முதல் தண்ணீரில் கால் நனைக்க வாய்க்காலோடு ஓடுவார்கள். அதே மடையை அடைக்கப் போகும்போது நான் மட்டும்தான் போவேன். பெரும்பாலும் பொழுது சாய்ந்த பிறகு, தோளில் மண்வெட்டி, கையில் நனைந்த சாக்கு. திறப்பதுதான் நீர்க்கட்டியின், அதாவது கண்மாய்த் தண்ணீரைப் பங்கிடுகிறவனின், வேலை என்று முதல் பதினைந்து வருடம் நானும் நினைத்திருந்தேன். அடைப்பதுதான் தொழில் என்று புரிந்தபோது எனக்கு முப்பது வயதாகிவிட்டது.

எங்கள் ஊர் ராமநாதபுரம் மாவட்டத்தில், திருவாடானைக்கும் ஆர்.எஸ். மங்கலத்துக்கும் இடையில், தார்ச்சாலையை விட்டு மண் பாதையில் உள்ளே போக வேண்டிய ஊர். பனை, உடை, சீமைக்கருவேலம், நடுவே நெல் வயல். மாவட்டம் முழுக்கத் தண்ணியில்லாக் காடு என்று வெளியூர்க்காரர்கள் சொன்னாலும், திருவாடானைப் பக்கத்தை மாவட்டத்தின் நெற்களஞ்சியம் என்பார்கள். வற்றாத ஆறு எதுவும் எங்களுக்குக் கிடையாது. வருடத்து மழை ஏறக்குறைய 800 மில்லிமீட்டர். அதில் பாதிக்கு மேல் ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் கொட்டிவிடும். மூன்று மாதத்தில் வந்ததை வைத்துத்தான் பன்னிரண்டு மாதமும் மனிதரும் மாடும் பயிரும் பிழைக்க வேண்டும். அதற்காக வெட்டிவைத்த பாத்திரம் கண்மாய்.

தமிழ்நாட்டில் ஏரி, கண்மாய் என்று சுமார் 39,000 இருப்பதாகக் கணக்கு. எங்கள் பக்கத்துப் பெருமை ஆர்.எஸ். மங்கலம் பெரிய கண்மாய். நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை என்று அதன் நீளத்தைச் சொல்வார்கள். எங்களுடையது இரண்டே மடை உள்ள சின்னக் கண்மாய். பாய்கிற நிலம், அதாவது ஆயக்கட்டு, நாற்பது ஹெக்டேருக்குக் குறைவு என்பதால் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பில் இருப்பது. வரைபடத்தில் தேடினால் விரல் நகத்தடியில் மறைந்துவிடும். அந்த நகத்தளவுத் தண்ணீருக்குள் என் வாழ்க்கை முழுவதும் இருக்கிறது.

நீர்க்கட்டியை ஊர் எப்படித் தேர்ந்தெடுத்தது என்பதைச் சொல்லிவிட வேண்டும். எங்கள் தெருவில் யாருக்கும் ஆயக்கட்டில் ஒரு சென்ட் நிலம் கிடையாது. அதனால்தான் எங்களிடம் மடை வந்தது. நிலம் உள்ளவன் கையில் மடை இருந்தால் முதல் தண்ணீர் அவன் வயலுக்குத்தான் போகும் என்பது எல்லாருக்கும் தெரியும். நிலமே இல்லாதவனுக்கு எல்லா வயலும் ஒன்று. இதை என் அய்யா பெருமையாகச் சொல்வார். எனக்கு அந்தப் பெருமையோடு ஒரு வலியும் உண்டு. தண்ணீரைப் பங்கிட எங்கள் நியாயம் வேண்டியிருந்தது. நிலத்தைப் பங்கிட்ட நாளில் எங்கள் ஞாபகம் யாருக்கும் வரவில்லை. ஊர்க் கூட்டத்தில் தண்ணீர்க் கணக்கு சொல்லும்போது அய்யா நின்றுகொண்டுதான் சொன்னார். நான் உட்கார்ந்து சொல்கிறேன். ஒரு தலைமுறையில் இவ்வளவுதான் நகர்ந்திருக்கிறது. ஆனாலும் நகர்ந்திருக்கிறது.

எனக்குப் பதினைந்து வயதில் அய்யா என்னைத் தெற்கு மடைக்குக் கூட்டிப்போனார். அப்போது அது பழைய குமிழி மடை. கரையிலிருந்து சில அடி உள்ளே, தண்ணீருக்கு நடுவில் இரண்டு கல்தூண்கள் நிற்கும். தூண்களைக் குறுக்குக் கற்கள் இணைக்கும். அடியில் கல்பெட்டி, அதன் தலையில் ஒரு துளை. அதுதான் நீரோடித் துளை. பெட்டியின் கீழ்ப்பக்கம் சிறிய துளைகள், அவை சேறோடித் துளைகள். தண்ணீர் இறங்கும் வேகத்தில் அடியில் படிந்த சேறும் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறிவிடும். மடையும் ஓடும், மடையின் வாயும் தூராது. எத்தனை நூறு வருடத்துக்கு முன்னால் யாருடைய புத்தியில் உதித்ததோ, நான் அந்தக் கல்லைத் தொடும்போதெல்லாம் கும்பிட்டுவிட்டுத்தான் தொடுவேன்.

நீரோடித் துளையை அடைப்பது கருவேல மரத்தில் செதுக்கிய கூம்புக் கட்டை. அதில் நீளமான கம்பைக் கோத்துக் குறுக்குக் கல்லின் ஓட்டை வழியாக மேலே எடுத்திருப்பார்கள். கம்பைத் தூக்கினால் மடை திறக்கும். பல வருடங்களில் கம்பு ஒடிந்துபோகும், அல்லது கட்டை சேற்றில் இறுகிவிடும். அப்போது முங்கித்தான் எடுக்க வேண்டும்.

முதல் நாள் அய்யா எனக்குச் சொன்னவை மூன்று. “வேட்டியோட முங்காத. கோவணம் போதும். தொங்குற துணிய மடை வாய்க்குள்ள இழுத்துக்கிரும், துணியோட நீயும் போயிருவ. காலத் துளைக்கு நேரா வைக்காத. மூச்சு இருக்கும்போதே மேல வா, முடியாதப்ப வரலாம்னு நெனைக்காத.” திறக்க முங்கும்போது தண்ணீர் அசையாமல் கிடக்கும். பயமில்லை. கட்டையை அசைத்துப் பிடுங்கிவிட்டு விலகிவிடலாம். அடைக்க முங்கும்போதுதான் மடை உயிரோடு இருக்கும். துளையின் மேல் தண்ணீர் சுழன்று இறங்கும். தழை, தவளை, மனிதன் என்று அது பார்க்காது. கட்டையைச் சாக்கில் சுற்றி, துளைக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் பிடித்துக்கொண்டு, கையை விட வேண்டும். நாமாக அழுத்தக் கூடாது. தண்ணீரே அதை இழுத்து உட்கார வைத்துக்கொள்ளும். எங்கே விட வேண்டும் என்பது தண்ணீரின் இழுப்பைக் கை உணர்வதில்தான் இருக்கிறது. ஒரு விரல்கடை தள்ளி விட்டால் கட்டை சாய்ந்து சிக்கும். மறுபடி எடுத்து மறுபடி வைக்க மூச்சு இருக்காது.

தொண்ணூறுகளில் தெற்கு மடையில் திருகு ஷட்டர் போட்டார்கள். கைப்பிடியைச் சுற்றினால் இரும்புப் பலகை ஏறும், இறங்கும். முங்க வேண்டியதில்லை. அதற்காக நான் நன்றியோடு இருக்கிறேன். என் அம்மா தன் ஆயுளில் பாதியைக் கரையில் உட்கார்ந்து அய்யாவின் தலை எப்போது மேலே வரும் என்று பார்த்துத்தான் கழித்தாள். ஆனால் எப்போது அடைக்க வேண்டும் என்பதை எந்த ஷட்டரும் சொல்லித் தராது.

எங்கள் வருடம் ஆவணியில் தொடங்கும். இங்கே நாற்றங்கால் போட்டு நடுவது குறைவு. கோடை மழையில் உழுது போட்ட காய்ந்த நிலத்தில் ஆவணி, புரட்டாசியில் நெல்லை விதைத்துவிடுவார்கள். புழுதி விதைப்பு என்று பெயர். விதை புழுதிக்குள் காத்திருக்கும். மழை விழுந்ததும் முளைக்கும். முதல் ஒரு மாதம், ஒன்றரை மாதம் அது புஞ்சைப் பயிரைப்போல மழையிலேயே வளரும். கண்மாய் பெருகிய பிறகுதான் நஞ்சைப் பயிராக மாறும். மட்டை, நொறுங்கன், சித்திரைக்கார், குழியடிச்சான் என்று அந்தக் காலத்து நெல்லெல்லாம் இந்தக் காத்திருப்புக்குப் பழகியவை. இப்போது பெரும்பாலும் குறுகிய வயது ரகங்கள்தான். நெல் மாறினாலும் கணக்கு மாறவில்லை. மழை பாதி, கண்மாய் பாதி.

மற்றவர்கள் விதைக்கும்போது நான் வரத்துக்காலில் இருப்பேன். கண்மாய்க்கு மழை நேராக விழுந்து நிறைவதில்லை. மேட்டுக் காடுகளில் விழுகிற மழை ஓடைகளில் சேர்ந்து, வரத்துக்கால் வழியாக வந்தால்தான் நிறையும். அந்த வரத்துக்காலில் சீமைக்கருவேலம் முளைத்துக் கிடக்கும். வெட்டினால் தூரிலிருந்து நாலு கிளையாகக் கிளம்புகிற மரம் அது. வேரோடு தோண்டி எடுத்தால் ஒழியச் சாகாது. முன்பு வீட்டுக்கு ஓர் ஆள் வந்து இதைச் செய்தார்கள். குடிமராமத்து என்று பெயர். அப்படி ஆள் அனுப்பாத வீட்டிடம் பணம் வசூலிக்க 1858-இலேயே வெள்ளைக்காரன் சட்டம் போட்டான் என்று எங்கள் ஊர் அம்பலாரின் வக்கீல் மகன் ஒருமுறை சொன்னார். சட்டம் ஏட்டில் இருந்தது. ஆள் வருவது ஒவ்வொரு வருடமும் குறைந்தது. கடைசியில் நானும் என் மச்சானும் ஒரு அரிவாளும் மட்டும் வரத்துக்காலில் நின்றோம்.

2017-இல் அரசு அதே குடிமராமத்து என்ற பெயரில் ஒரு திட்டம் கொண்டுவந்தது. பெயரைக் கேட்டதுமே எனக்குக் கண் கலங்கியது. இந்த வட்டாரத்தில் ஒரு கண்மாயில் நடந்த வேலையைப் பார்க்கப் போனேன். வேலை எடுத்தவர் மண் அள்ளும் இயந்திரத்தை வைத்துக் கண்மாய் நடுவில் ஆழமாகக் குழி எடுத்திருந்தார். பார்க்கக் கண்மாய் பெரிதாகிவிட்டதுபோல இருந்தது. ஆனால் மடையின் வாசற்கல்லுக்குக் கீழே எவ்வளவு தோண்டினாலும் அந்தத் தண்ணீர் வயலுக்கு ஏறாது. மாடு குடிக்கலாம், மீன் வளரலாம், கிணற்றில் ஊறலாம். அவ்வளவும் நல்லதுதான். பயிருக்குத் தண்ணீர் வேண்டுமென்றால் முதலில் வரத்துக்காலைத் திறக்க வேண்டும், அடுத்து மடை வாயைச் சுற்றியும் உள்வாய் ஓரத்திலும் மேடு தட்டிய வண்டலை எடுக்க வேண்டும். இதைச் சொல்ல ஊருக்கு ஊர் ஒரு நீர்க்கட்டி இருக்கிறான். அங்கே அவனை யாரும் கூப்பிட்டுக் கேட்கவில்லை.

வண்டல் என்றால் வெறும் மண் இல்லை. சித்திரை, வைகாசியில் கண்மாய் வற்றியதும் மாட்டு வண்டிகள் உள்வாயில் இறங்கும். மேட்டுக் காட்டிலிருந்து மழை சுமந்து வந்த சத்து, மாட்டுச் சாணி, பறவை எச்சம், மக்கிய தழை எல்லாம் சேர்ந்த கறுப்பு மண். ஒரு வயலுக்கு வண்டல் அடித்தால் மூன்று வருடம் பயிரில் தெரியும். கண்மாயும் ஆழமாகும், வயலும் கொழுக்கும். ஒரே வேலையில் இரண்டு காரியம்.

கண்மாய் பெருகுகிற நாட்கள் தூக்கமில்லாத நாட்கள். கரை உடைந்தால் தண்ணீரும் போகும், பயிரும் போகும். அப்படி ஓர் இரவைச் சொல்கிறேன். 2020 டிசம்பர், புரெவிப் புயல். அது எங்கள் கடலோரம் வந்து, கரையும் ஏறாமல் விலகியும் போகாமல், மன்னார் வளைகுடாவிலேயே நின்றுவிட்டது. மழை நாள் கணக்கில் விடவில்லை. கண்மாய் நிறைந்து, மிச்சத் தண்ணீர் கலுங்கின் மேல் வழிந்து மறுகால் போய்க்கொண்டிருந்தது.

நடுச்சாமத்துக்கு மேல் டார்ச்சோடு கரையின் வெளிப்புறம் அடிவாரத்தில் நடந்தேன். ஓரிடத்தில் கால் குளிர்ந்தது. மண்ணுக்குள்ளிருந்து தண்ணீர் கசிந்தது. கையில் ஏந்தி வெளிச்சத்தில் பார்த்தேன். தெளிவாக இருந்தது. தெளிந்த கசிவு எல்லாக் கரையிலும் உண்டு, அதற்குப் பயப்படத் தேவையில்லை. ஒரு சுற்று போய்விட்டு வந்து மறுபடி ஏந்திப் பார்த்தேன். கலங்கியிருந்தது. கரை தன் மண்ணைத் தானே தின்னத் தொடங்கிவிட்டது என்று அதற்கு அர்த்தம். கோயில் மணியை அடித்தேன்.

வந்தவர்கள் வெளிப்புற ஓட்டையில் மண்ணைத் தள்ளி மிதிக்கப் போனார்கள். நான் கத்தினேன். அய்யா சொல்லிக் கொடுத்த பாடம் அது: “வெளிய அடைச்சா கரை வயிறு ஊதி வெடிச்சிரும்.” வெளியே தண்ணீர் போக வேண்டும், மண் மட்டும் போகக் கூடாது. அதற்கு அந்த இடத்தைச் சுற்றி மணலும் ஜல்லியும் போட்டு வடிய விட வேண்டும். அடைப்பது உள்பக்கம்தான். உள்பக்கம் எங்கே என்று இருட்டில் எப்படித் தெரியும்? வீட்டிலிருந்து ஒரு மூட்டை உமி கொண்டுவரச் சொன்னேன். கரையோரத் தண்ணீரில் உமியைத் தூவிக்கொண்டே நடந்தேன். எல்லா இடத்திலும் உமி மழையில் சிதறி ஆடிக்கொண்டிருந்தது. ஓரிடத்தில் மட்டும் வட்டமாகக் கூடி, மெதுவாகச் சுற்றி, ஒவ்வொன்றாக உள்ளே போனது. கையளவுச் சுழி.

இடுப்பில் கயிறு கட்டி இறங்கினேன். காலால் தடவியபோது அலைக்கற்களுக்கு நடுவில் தலையளவு ஓட்டை. கரையில் நின்ற சீமைக்கருவேலத்தைச் சில வருடத்துக்கு முன் வெட்டியிருந்தார்கள். வேர் உள்ளேயே மக்கி, கரைக்குள் குழாய் போட்டதுபோல ஆகியிருந்தது. வைக்கோல் பிரியைச் சுற்றிய களிமண் உருண்டைகளைக் கேட்டு வாங்கி, மடைக் கட்டையை விடுவதுபோலவே ஓட்டைக்கு நேராகப் பிடித்து விட்டேன். தண்ணீர் இழுத்துக்கொண்டது. ஐந்தாவது உருண்டையில் இழுப்பு நின்றது. அதன் மேல் மணல் மூட்டைகள். விடியும்போது வெளிப்பக்கக் கசிவைக் கையில் ஏந்திப் பார்த்தோம். தெளிந்திருந்தது. ஆயக்கட்டில் பெரிய சம்சாரி ஒருவர் அந்தத் தண்ணீரை அப்படியே வாயில் ஊற்றிக் குடித்தார். அதைவிடப் பெரிய மரியாதையை நான் என் தொழிலில் பார்த்ததில்லை.

கலுங்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். கண்மாய் கொள்ளும் அளவுக்கு மேல் வருகிற தண்ணீர் கலுங்கின் மேல் வழிந்து, ஓடை வழியாகக் கீழ்க் கண்மாய்க்குப் போகும். எங்கள் மறுகால் அவர்களுக்கு வரத்து. கலுங்கின் தலையில் வரிசையாகக் குத்துக்கற்கள் நட்டிருக்கும். மழைக்காலம் முடியப்போகும் கடைசி நாட்களில், கற்களுக்கு நடுவே தழையும் களிமண்ணும் வைத்து அடைத்தால் கண்மாயில் ஒரு சாண் தண்ணீர் கூடுதலாக நிற்கும். முன்னதாக அடைத்தால் அடுத்த மழையில் கரை போகும். உள்வாயில் உள்ள வயல்கள் முங்கும். கீழூர்க்காரர் தண்ணீரும் நின்றுபோகும். அடைக்காமல் விட்டால் நம் ஊருக்கு ஒரு நனைப்பு குறையும். கார்த்திகை முடிந்து வாடைக்காற்று திரும்பும்போது, கீழ்க் கண்மாய் நீர்க்கட்டியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் நான் தழை வெட்டுவேன். “அண்ணே, எங்களுக்கு நெறஞ்சிருச்சு, நீங்க அடைங்க” என்று அவன் சொல்வான். அவன் சொல்லாதவரை எங்கள் கலுங்கு திறந்தே கிடக்கும். இந்த ஏற்பாடு எந்தக் காகிதத்திலும் இல்லை.

இனிப் பங்கீடு. மடைக் கல்தூணில் அளவுக் கோடுகள் உண்டு. அதைப் பார்த்துக் கணக்குப் போடத் தெரிய வேண்டும். கண்மாய் நேர்ச்சுவர் வைத்த தொட்டி அல்ல, தாம்பாளம்போலச் சரிந்தது. மேலே உள்ள ஒரு முழத் தண்ணீர், அடியில் உள்ள இரண்டு முழத்துக்கு மேல் இருக்கும். பாதி உயரத்துக்குத் தண்ணீர் நிற்கிறது என்றால் பாதித் தண்ணீர் இருக்கிறது என்று நினைத்துவிடக் கூடாது. கால் பங்குதான் இருக்கும். அதிலும் தை வெயில் நாளுக்கு நாலைந்து மில்லிமீட்டரைக் குடித்துவிடும். புதிதாக நிலம் வாங்கி வருகிறவர்கள் கரையில் நின்று, “இவ்வளவு தண்ணி கெடக்குதே, ஏன் அடைக்கிறீங்க?” என்று கேட்பது இந்தத் தாம்பாளக் கணக்கு தெரியாமல்தான்.

வயலுக்கு வயல் தாகம் வேறு. மணல் கலந்த செய்க்கு மூன்று நாளைக்கு ஒருமுறை வேண்டும். களிமண் செய் ஆறு நாள் தாங்கும். தண்டு உருளும் பருவத்தில் ஒரு நாள் தவறினால் பயிர் பொறுத்துக்கொள்ளும். கதிர் வாங்கிப் பால் கட்டும்போது தவறினால் மணி பதராகப் போகும். ஆகவே ஒவ்வொரு வயலிலும் தண்ணீர் நுழைகிற வாமடையை நான்தான் வெட்டுவேன், நான்தான் அடைப்பேன். சம்சாரி வரப்பில் நின்று பார்க்கலாம். மண்வெட்டியைத் தொடக் கூடாது. எங்கள் ஊர் வழக்கப்படி, தண்ணீர் குறைந்த வருடத்தில் முறை கடைமடையிலிருந்துதான் தொடங்கும். தூரத்து வயலுக்கு முதலில் கொடுத்துவிட்டால் பக்கத்து வயலுக்குக் கிடைக்காமல் போகாது. பக்கத்து வயலுக்கு முதலில் கொடுத்தால் தூரத்து வயலுக்கு எப்போதும் கிடைக்காது.

2013-இல் கண்மாய் பாதிகூடப் பெருகவில்லை. கோயில் மேடையில் கூட்டம் போட்டு, எல்லாரும் தங்கள் நிலத்தில் பாதியை மட்டும் காப்பாற்றிக்கொள்வது, மீதியை மாட்டுக்கு விட்டுவிடுவது என்று முடிவானது. தண்ணீரைக் கடைசிப் பால்பிடிப்புக்கு நிறுத்திவைக்க வேண்டும் என்பதால் மடையை அடைத்துப் பூட்டினேன். அன்று இரவு மடைக்கு மிக அருகில் நிலம் உள்ள ஒருவர் கரைக்கு வந்தார். “ஏப்பா, ரெண்டு மணி நேரம் மட்டும் தெறந்துவிடு. விடியுமுன்ன அடைச்சிரலாம். யாருக்கும் தெரியாது.” கையில் பணம் இருந்தது. என் வீட்டில் மகள் கல்யாணம் பேசி முடித்திருந்த நேரம். அது அவருக்குத் தெரியும்.

நான் ஷட்டர் திட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டேன். “அய்யா, கடைசி வரப்புல அப்பத்தா ஒருத்தி முக்கால் ஏக்கர வச்சுக்கிட்டு உக்காந்திருக்கு. நீங்க கேக்குற ரெண்டு மணி நேரம் அந்தக் கெழவியோட கதிரு” என்றேன். அவர் திட்டினார். நின்றார். போனார். விடியும்வரை நான் இறங்கவில்லை. அவர் திரும்ப வருவாரோ என்று மட்டும் இல்லை. எனக்கே மனம் மாறிவிடுமோ என்ற பயமும் இருந்தது. பத்து நாள் கழித்துக் கடைசித் தண்ணீர் விட்டபோது, கடைமடையில் அந்த முக்கால் ஏக்கரில் பாதி நனைந்தது. அப்பத்தா வாமடையில் குத்தவைத்து உட்கார்ந்து, வருகிற தண்ணீரை இரண்டு கையாலும் உள்ளே ஒதுக்கிவிட்டதை இன்றும் மறக்க முடியவில்லை. அந்த மனிதர் அடுத்த இரண்டு வருடம் எனக்குரிய நெல்லைத் தரவில்லை. நானும் அவர் வயலுக்கு ஒரு முறைகூடத் தண்ணீர் குறைக்கவில்லை. குறைத்திருந்தால் என்னிடம் மடை இருப்பதில் அர்த்தமே இல்லை.

அந்த நெல்தான் எங்கள் சம்பளம். களத்தில் கதிரடித்துக் குவித்ததும், வீட்டுக்கு எடுத்துப்போகும் முன்பே, நிலத்தின் அளவுக்கு ஏற்ப நீர்க்கட்டிக்கு மரக்காலால் அளந்து போடுவார்கள். விளைச்சல் கூடினால் எனக்கும் கூடும், குறைந்தால் குறையும். இப்போது அறுவடை இயந்திரம் வயலிலேயே அறுத்து, அடித்து, டிராக்டரில் கொட்டுகிறது. நெல் நேராக வியாபாரியிடமோ கொள்முதல் நிலையத்துக்கோ போய்விடுகிறது. களம் என்ற இடமே இல்லாமல் போனது. களம் போனதும் களத்துப் பங்கும் போனது. ஏக்கருக்கு இவ்வளவு என்று பணமாகத் தருகிறார்கள். சிலர் தருகிறார்கள், சிலர் அடுத்த மாதம் என்கிறார்கள். அறுவடை இயந்திரத்தை நான் குறை சொல்லவில்லை. குனிந்து அறுத்த பெண்களின் முதுகு எனக்குத் தெரியும். களத்தில் கண் முன்னால் அளக்கும்போது இருந்த கடமை உணர்வு, ரூபாயில் இல்லை என்று மட்டும் சொல்கிறேன்.

அடைக்கத் தெரிந்தாலும் ஆகாத வருடங்கள் உண்டு. 2016-இல் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் வழக்கத்தைவிட 62 விழுக்காடு குறைந்தது. அடுத்த ஜனவரியில் மாநிலம் முழுவதையும் வறட்சி என்று அறிவித்தார்கள். புழுதியில் விதைத்த நெல் முளைத்து, ஒரு சாண் வளர்ந்து, நின்ற இடத்திலேயே காய்ந்தது. மடையைத் தொடவே வேலையில்லை. அந்த வருடம் நான் திருப்பூரில் ஒரு கட்டடத்தில் சித்தாள் வேலை பார்த்தேன். புரெவியில் உயிரைக் கொடுத்துக் கரையைக் காத்த வருடத்திலோ, பொங்கலை ஒட்டி, அறுப்புக்கு நின்ற கதிரின் மேல் மழை விடாமல் பெய்தது. மடைகளை அடைத்துப் பத்து நாள் ஆகியிருந்தது. கலுங்குக் கற்களிலிருந்து தழை மண்ணையெல்லாம் பிடுங்கி எறிந்தேன், வடிகாலை வெட்டிவிட்டேன். வானத்துக்கு மடை கிடையாதே. சாய்ந்த கதிரில் நெல் முளைவிட்டுப் பச்சையாக நின்றது. அன்று வரப்பில் எல்லாரும் பேசாமல் நின்றோம். நிலம் உள்ளவர்களும் நானும் ஒரே வரிசையில்.

எங்கள் பகுதி முண்டு மிளகாய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த மிளகாய் நெல்லைவிடக் குறைந்த தண்ணீரில் காசு தரும். இளவட்டங்கள் அதன் பக்கம் திரும்புவதில் நியாயம் இருக்கிறது. பலர் ஆழ்துளைக் கிணறு போட்டுக்கொண்டார்கள். தனக்கென்று மோட்டார் இருப்பவனுக்கு மடை முறை எதற்கு? ஆனால் கண்மாயில் தண்ணீர் நின்றால்தான் அந்தக் கிணற்றிலும் தண்ணீர் நல்லதாக இருக்கும். கடலோர மண், இழுக்க இழுக்க உப்பு ஏறும். பக்கத்து ஊர் ஒன்றில் நீர்க்கட்டியை நிறுத்திவிட்டு அவரவரே திறந்துகொள்கிறார்கள். அங்கே கடைமடை வயல்கள் மூன்று வருடமாகத் தரிசு. அந்த ஊரிலும் தண்ணீர் இருக்கிறது. அடைக்க ஆள் இல்லை.

என் மகன் வெளிநாட்டில் இருக்கிறான். வரமாட்டான். அவனைக் கூப்பிட எனக்கும் மனமில்லை. என் அக்காள் மகன் ஒருவன், மற்ற நாளில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன், மூன்று வருடமாகக் கார்த்திகை பிறந்ததும் என்னோடு கரைக்கு வருகிறான். திறப்பதை ஒரே நாளில் கற்றுக்கொண்டான். கணக்கைச் செல்பேசியில் போடுகிறான், என்னைவிட வேகமாக. போன தையில், “மாமா, இந்தத் தடவ நான் அடைக்கிறேன்” என்றான். சரி என்றேன்.

நான் நினைத்திருந்த நாளுக்கு இரண்டு நாள் முன்னதாகவே கைப்பிடியைச் சுற்றினான். சம்சாரிகள் வந்து சத்தம் போட்டார்கள். சிலர் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் ஒரு வார்த்தை சொன்னால் அவன் திறந்திருப்பான். சொல்லவில்லை. அவன் ஷட்டர் திட்டில் ஏறி உட்கார்ந்தான். இரவு சாப்பாட்டை அவன் பெண்டாட்டி கரைக்கே கொண்டுவந்தாள். நான் வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொண்டேன். தூக்கம் வரவில்லை.

கதிர் முற்றியது. இரண்டு வயலில் கொஞ்சம் பதர் விழுந்தது, அதை அவனே போய் அந்தச் சம்சாரிகளிடம் ஒத்துக்கொண்டான். மாசியில் மீன் பிடித்தோம். பங்குனிக் கடைசியில் ஒரு மத்தியானம் கரைக்குப் போனேன். சுற்று வட்டாரத்தில் ஊருணிகளெல்லாம் வெடித்துக் கிடந்தன. எங்கள் கண்மாயில் மடை வாசற்கல்லுக்கு மேலே இன்னும் நாலு விரல் தண்ணீர் நின்றது. ஊர் மாடுகள் அத்தனையும் வயிறு நனைய அதில் இறங்கி நின்றன.